பெயரும் பாரமும்



வடபகுதிக் கிராமங்களிலே இரண்டு சில்லு உழவு இயந்திரமொன்று தெருவிலே போகுமானால், அதனை எந்தக் கம்பனி செய்திருந்தாலும், "லான்ட்மாஸ்ரர் போகிறது" என்று சொல்பவர்கள் இன்றும் உளர். லான்ட்மாஸ்ரர் என்பது பிரித்தானியாவிலே செய்யப்பட்ட ஒருவகை இயந்திரத்தின் வணிகப் பெயர். அந்த இயந்திரம் நம் வயல்களை விட்டுப் போய்விட்டது. பெயர் மட்டும் போக மறுத்துவிட்டது. ஒரு பொருள் மறைந்த பின்னும் அதன் பெயர் மக்கள் மனத்திலே குடியிருப்பது எங்கும் உள்ள வழக்கமே. ஆயினும் அந்த வழக்கம் ஒரு குடும்பத்தின் பணத்தோடும், சில வேளைகளில் உயிரோடும் தொடர்புடையதாகலாம் என்பதை நான் அறிந்துகொண்டது அமெரிக்காவிலேதான். 2024ஆம் ஆண்டு மூன்று மாத விடுப்பிலே, கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகருக்கு அண்மையில் வாழும் என் தங்கையின் மகனிடம் போயிருந்தேன். அங்கே கண்டதையும் கேட்டதையும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலிலே ஓர் ஒப்புதல். நான் கலைப் பட்டதாரி. சரித்திரமும் தமிழும் கற்பித்துக் காலங்கழித்தவன். இயந்திரத்தின் மூடியைத் திறந்தால், உள்ளே இருப்பவற்றுள் தண்ணீர் ஊற்றும் இடம் ஒன்றைத்தான் நிச்சயமாகச் சொல்வேன். ஆகவே நான் சொல்லப்போவது பொறியியலாளரின் விளக்கமன்று. அருகிலிருந்து பார்த்த ஒருவனின் விளக்கம்.

நம் நாட்டிலே "டபுள் காப்" என்று நாம் அழைக்கும் வாகனத்தை மனத்திலே நினைத்துக்கொள்ளுங்கள். அதனைப்போல இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைந்த பாரமும், நமது சிறு லொறிகளை வெட்கப்படுத்தும் வலிமையும் உடைய டீசல் பிக்கப் வாகனங்கள் அங்கே உண்டு. பின்னாலே ஒரு பெட்டியைக் கொளுவி இழுப்பதே அவற்றின் முக்கிய தொழில். விவசாயி குதிரைகளையும் மாடுகளையும் வைக்கோற் கட்டுகளையும் இழுக்கிறான். கட்டடக்காரன் மண் அகழும் இயந்திரத்தை இழுக்கிறான். இன்னுஞ் சிலர், சமையலறை, படுக்கையறை, குளியலறை யாவும் அமைந்த ஒரு முழு வீட்டையே சில்லுகளின் மேல் வைத்து இழுத்துக்கொண்டு, விடுமுறைக்கு மலைநாடுகளுக்குப் போகிறார்கள். என் மருமகன் இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தவன்.

இத்தகைய வாகனங்களைச் செய்வோர் அங்கே மிகச் சிலரே. போர்ட் கம்பனி ஒன்று, முன்பு டொட்ஜ் என்ற பெயரோடு இணைந்திருந்து இப்போது தனிப் பெயராக விளங்கும் ராம் மற்றொன்று, செவ்ரலே, ஜி.எம்.சி. என்ற இரு பெயர்களிலே ஒரே வாகனத்தை விற்கும் ஜெனரல் மோட்டர்ஸ் மூன்றாவது. மூன்று கம்பனிகளே இருப்பதனால் போட்டி தணிந்திருக்கும் என்று எண்ணவேண்டாம். நம்மவர் அரசியற் கட்சிகளைப் பற்றி வாதாடுவதுபோல அவர்கள் இம்மூன்றைப் பற்றியும் வாதாடுகிறார்கள். தந்தை ஓட்டிய பெயரையே மகனும் ஓட்டுவான். மாற்றினால் சாப்பாட்டு மேசையிலே அதற்குக் காரணஞ் சொல்லவேண்டும்.

என் மருமகன் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே கம்பனியின் வாகனத்தை வைத்திருந்தான். அது எந்தக் கம்பனி என்பதை நான் சொல்லப்போவதில்லை. அதன் காரணம் போகப்போக விளங்கும். நான் போய் இறங்கிய இரண்டாம் கிழமையே, "மாமா, இந்தமுறை வேறு கம்பனிக்கு மாறலாமோ என்று யோசிக்கிறேன். இது எங்களைக் கைவிட்டுவிட்டது" என்றான். அவன் அப்படிச் சொல்லும்படி நடந்தது யாதென்றால், அதற்கு மூன்று நாட்களுக்கு முன் மலையிலிருந்து இறங்கும்போது நாங்கள் அனைவரும் பட்ட பாடுதான்.

டென்வரிலிருந்து மேற்கே போகும் எழுபதாம் இலக்க நெடுஞ்சாலை றொக்கி மலைத்தொடரை ஐசன்ஹோவர் சுரங்கப் பாதை வழியாகக் கடக்கிறது. 1973ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அப்பாதை, கடல் மட்டத்திலிருந்து 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. நம் பிதுருதலாகலையின் உச்சி 8,281 அடி என்பதை நினைத்தால், நம் நாட்டின் அதியுயர்ந்த சிகரத்தைவிட உயரமான இடத்திலே லொறிகள் வரிசையாக ஓடுகின்றன என்பது தெரியவரும். சுரங்கத்தின் மேற்கு வாயிலைத் தாண்டியதும் சாலை ஏறத்தாழ 8 மைல் தூரத்திலே 2,000 அடிக்கு மேல் இறங்குகிறது. நூறடி போனால் ஏழடி இறக்கம். பிறேக் பிடிக்காத லொறிகள் ஏறி நிற்பதற்கென்று, சரளைக்கல் நிரப்பிய சரிவுப் பாதைகளைச் சாலையோரத்திலே அமைத்திருக்கிறார்கள். அந்தச் சரளை மேட்டைப் பார்த்தவுடனேயே, இது வேடிக்கையான இடமன்று என்பது எனக்கு விளங்கியது.

பாதி இறக்கத்திலே ஒரு கருகல் மணம் வந்தது. வாகனமும் பின்னாலிருந்த வீடும் சேர்ந்து 21,000 இறாத்தல், அதாவது ஏறக்குறைய ஒன்பதரைத் தொன். மருமகன் பிறேக்கை மிதிக்க மிதிக்க அது ஆழமாகப் போயிற்று. ஒருவரும் பேசவில்லை. பின் இருக்கையிலிருந்த சின்னப் பேத்தி மாத்திரம், "என்ன மணம் அது?" என்று இரண்டு முறை கேட்டாள். அடிவாரத்து ஊரிலே வாகனத்தை நிறுத்தியபோது, முன் சில்லு இரண்டிலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது. கீழே இறங்கிய என் கால்கள் சற்று நடுங்கின என்பதை மறைக்கவில்லை.

இங்கே இயற்பியலைச் சற்றுத் தொடவேண்டியிருக்கிறது. 21,000 இறாத்தல் பாரம் 2,000 அடி கீழே இறங்கும்போது விடுபடும் சக்தி எங்காவது போய்த்தானே ஆகவேண்டும்? நான் பின்னர் கணித ஆசிரியரான நண்பர் ஒருவரிடம் கேட்டேன். காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், ஏறத்தாழ 200 லீற்றர் தண்ணீரைக் குழாயிலிருந்து வந்த நிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது என்றார். ஒரு கலியாண வீட்டுக் கிடாரத்துக்குப் போதுமான சூட்டை, கையகலமான பிறேக் தகடுகள் சில நிமிடங்களில் விழுங்கவேண்டுமென்றால் அவை கருகாமல் என்ன செய்யும்? பெற்றோல் இயந்திரமாயின் காலை எடுத்தவுடன் அதுவே ஓரளவு வேகத்தைப் பிடிக்கும். டீசல் இயந்திரத்திலே உள்ளே வரும் காற்றைத் தடுக்கும் கதவு அந்த முறையில் இல்லாதபடியால், அது தானாகப் பிடிப்பது குறைவு. அதற்காகவே, வெளியேறும் புகையை இடையிலே நெருக்கி, இயந்திரத்தையே பிறேக்காக மாற்றும் ஓர் அமைப்பு இப்போது இந்த மூன்று கம்பனிகளின் கன டீசல் வாகனங்களிலும் இருக்கிறது. புகைப் பிறேக் என்று சொல்லலாம். என் மருமகனின் வாகனத்திலும் அது இருந்தது. ஆனால் ஆறு மாதங்களாகப் பழுதாகிக் கிடந்தது. திருத்துவதை அவன் தள்ளிப்போட்டிருந்தான். இந்தச் செய்தியை அவன் முதல் நாளிலே என்னிடம் சொல்லவில்லை.

ஆகவே கம்பனி கைவிட்டது என்பது எவ்வளவு தூரம் உண்மை? அந்தக் கேள்வியை எழுப்பியவர் அடுத்த வீட்டுக்காரர். எழுபது வயது தாண்டியவர். வாழ்நாள் முழுவதும் மாட்டுப் பெட்டி இழுத்தவர். அவரும் ஒரு பெயரின் பக்தர்தான், அது வேறு பெயர். ஆயினும் நேர்மையான மனிதர். "பெயரை மாற்றுவதற்கு முன் உன் கதவைத் திறந்து பார்" என்றார்.

அவர் சொன்ன கதவை நோக்கிப் போகுமுன், பெயர்களைப் பற்றி நான் அறிந்துகொண்ட ஒரு சிறு சரித்திரத்தைச் சொல்லவேண்டும். சரித்திர ஆசிரியனுக்கு இது ஒரு விருந்து. போர்ட் வாகனத்தை முப்பது ஆண்டுகளாகப் பெருமையோடு ஓட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் உண்மையில் ஓட்டியது யாருடைய இயந்திரம்? 1994 முதல் 2010 வரை "பவர் ஸ்ட்ரோக்" என்ற பெயரிலே வந்த டீசல் இயந்திரங்களை நவிஸ்ரார் என்ற வேறொரு கம்பனியே செய்து கொடுத்தது. அவற்றுள் முதலாவதான 7.3 லீற்றர் இயந்திரத்தை இன்றும் தேடி வாங்குவோர் உண்டு. 2003இல் வந்த 6.0 லீற்றர் இயந்திரமோ பழுதுகளால் பெயர் கெட்டது. உத்தரவாதச் செலவை யார் ஏற்பது என்று இரு கம்பனிகளும் 2007இல் வழக்காடி 2009இல் சமரசமாகின. 2011ஆம் ஆண்டின் வாகனங்களிலிருந்துதான் போர்ட் தானே வகுத்த 6.7 லீற்றர் இயந்திரத்தை வைத்தது. பெயர் ஒன்றே, உள்ளே இருந்தவை வேறு வேறு.

மற்றவர் கதையும் இதுவே. ராம் வாகனத்தை விரும்புவோர் பெரும்பாலும் விரும்புவது, அதனுள்ளே இருக்கும் கமின்ஸ் இயந்திரத்தைத்தான். கமின்ஸ், 1919ஆம் ஆண்டு இந்தியானா மாநிலத்துக் கொலம்பஸ் நகரிலே தொடங்கப்பட்ட தனிக் கம்பனி. 1989ஆம் ஆண்டின் டொட்ஜ் வாகனங்களிலே அதன் ஆறு சிலிண்டர் இயந்திரம் ஏறியபோது முறுக்கு விசை 400 அடி-இறாத்தல். முப்பது ஆண்டுகளின் பின் 2019இல் அது 1,000. இத்தகைய புகழுடைய அக்கம்பனியே, ராம் வாகனங்களின் புகைக் கட்டுப்பாட்டை மறைமுகமாக மாற்றியமைத்தது என்ற குற்றச்சாட்டின்பேரில், 1,675 மில்லியன் டொலர் தண்டப்பணம் செலுத்த உடன்பட்டது. அந்த உடன்பாடு 2023ஆம் ஆண்டின் இறுதியில் அறிவிக்கப்பட்டது. செவ்ரலே, ஜி.எம்.சி. வாகனங்களின் "டியூராமக்ஸ்" இயந்திரமோ, 2001ஆம் ஆண்டு, நம் நாட்டு லொறிக்காரர் யாவரும் அறிந்த யப்பானிய இசுசு கம்பனியின் துணையோடு பிறந்தது. அமெரிக்கரின் தேசாபிமானத்தைக் கிளறும் வாகனத்திலே இசுசுவின் கை இருந்தது என்பதை அடுத்த வீட்டுக்காரரிடம் சொன்னபோது, அவர் அந்தப் பேச்சை விரும்பவில்லை. 2011 முதல் 2016 வரையான அந்த வாகனங்களின் உயர் அழுத்த எரிபொருட் பம்பியைப் பற்றியும் வழக்குகள் எழுந்தன. 2017இல் பம்பியை மாற்றிவிட்டார்கள்.

இவற்றை நான் சொல்வது எவரையும் குறைகூறுவதற்கன்று. மூன்று வீட்டிலும் நல்ல ஆண்டுகளும் கெட்ட ஆண்டுகளும் இருந்திருக்கின்றன. ஆகவே கேட்கவேண்டியது எந்தக் கம்பனி என்பதைவிட, எந்தக் கம்பனியின் எந்த ஆண்டு, எந்த இயந்திரம் என்பதே. பெயரைக் கொண்டு நம்புவதும் பெயரைக் கொண்டு வெறுப்பதும் ஒரே தவறின் இரு முகங்கள்.

இனிக் கதவுக்கு வருவோம். சாரதியின் கதவைத் திறந்தால் அதன் தூணிலே ஒரு சிறு வெள்ளைச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். இந்த வாகனத்திலே ஏறும் மனிதர், சாமான்கள் யாவும் சேர்ந்து இத்தனை இறாத்தலுக்கு மேற்படலாகாது என்று அதிலே அச்சிட்டிருக்கும். விளம்பரத்திலே வருவது இழுக்கும் பாரம். இந்தச் சீட்டிலே இருப்பது சுமக்கும் பாரம். இரண்டும் வேறு. மாட்டை எண்ணிப் பாருங்கள். வண்டியிலே பூட்டினால் அது இழுக்கும் மூட்டைகள் எத்தனை, அதன் முதுகிலே ஏற்றினால் தாங்கும் மூட்டைகள் எத்தனை?

பின்னால் கொளுவும் வீடு தன் பாரம் முழுவதையும் தன் சில்லுகளிலேயே வைத்திருப்பதில்லை. அதன் முன்பகுதி, பிக்கப்பின் பெட்டிக்குள்ளே பொருத்திய ஒரு தட்டின் மேல் அமர்கிறது. ஐந்தாம் சில்லு என்பது அந்த அமைப்பின் பெயர். அப்படி அமர்வது மொத்தப் பாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. என் மருமகனின் வீடு, தண்ணீரும் உடுப்பும் பாத்திரங்களும் ஏற்றிய பின் 13,000 இறாத்தல். ஐந்தில் ஒரு பங்கு 2,600. வாகனத்திலே இருந்த எங்கள் பாரம் 600. கொளுவும் இரும்புத் தட்டு 150. ஆயுதப் பெட்டி, விறகு, என் மருமகளின் வற்புறுத்தலால் ஏற்றிய அரிசி மூட்டை முதலியன 250. கூட்டினால் 3,600. கதவுச் சீட்டிலே அச்சிட்டிருந்த எண் 2,200.

அவன் அந்த எண்ணைப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பார்க்கவேயில்லை. படித்த பையன், கணினித் துறையிலே நல்ல உத்தியோகம். ஆனால் விற்பனையாளர் சொன்ன "இது 16,000 இறாத்தல் இழுக்கும்" என்ற ஒரு வாக்கியத்தோடு அவன் விசாரணை முடிந்துவிட்டது. அந்த வாக்கியம் பொய்யன்று. இழுக்கும்தான். 1,400 இறாத்தல் அதிகமாகப் பின் அச்சிலும் ரயர்களிலும் ஏறி உட்கார்ந்திருப்பதை அது சொல்லவில்லை, அவ்வளவே.

விளம்பர எண்களைப் பற்றி இன்னுமொரு வார்த்தை. ஒரு காலத்திலே ஒவ்வொரு கம்பனியும் தான் விரும்பிய முறையிலே அளந்து தான் விரும்பிய எண்ணைச் சொன்னது. 2008ஆம் ஆண்டு மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் ஒரு பொது முறையை வகுத்தது. அரிசோனா மாநிலத்திலே டேவிஸ் அணைக்கட்டருகே உள்ள நீண்ட ஏற்றத்தைக் கோடை வெயிலிலே குறித்த வேகத்துக்குக் குறையாமல் ஏறவேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. பெரிய கம்பனிகள் அதனை ஏற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் சென்றன. இன்றும் விளம்பரத்திலே 35,000 இறாத்தலுக்கு மேற்பட்ட எண்களைக் காணலாம். அவை பின்னாலே இரட்டைச் சில்லு பூட்டிய, அந்த வேலைக்கென்றே அமைந்த ஒரு குறிப்பிட்ட மாதிரிக்குரியவை. கடை முற்றத்திலே நிற்கும் வாகனத்துக்கு அந்த எண் பொருந்தவேண்டும் என்பதில்லை.

கணக்கைப் பார்த்தபின் மருமகன் இரண்டு நாள் அதிகம் பேசவில்லை. பிறகு, "மாமா, நான் கம்பனி மாறவேண்டியதில்லை, வகுப்பு மாறவேண்டும்" என்றான். என்னைப்போன்ற பள்ளிக்கூடத்து மனிதனுக்கு அந்த வாக்கியம் மிகவும் பிடித்துக்கொண்டது. முக்கால் தொன் என்று பழைய வழக்கிலே அழைக்கும் வகுப்பிலிருந்து ஒரு தொன் வகுப்புக்கு ஏறினால், சுமக்கும் பாரம் 4,000 இறாத்தல் அளவுக்கு வருகிறது. டீசல் இயந்திரம் பாரமானது. அது தன் பாரத்தையே முதலில் அந்தக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்கிறது. சிறு வகுப்பு வாகனத்திலே டீசலை வைத்தால் இழுவை கூடுகிறது, சுமை குறைகிறது. இதைத்தான் பலர் அறியாமலிருக்கிறார்கள்.

ஆனாலும் புதிதாக வாங்குவதென்று தீர்மானித்துவிட்டபடியால், மூன்றையும் பார்த்துவிடுவோம் என்றான். அங்கே இத்தகைய வாகனம் 80,000 டொலரை எளிதில் எட்டிவிடும். பார்க்காமல் வாங்கும் தொகையன்று. தன் சொந்த வீட்டைக் கொளுவி இழுத்துப் பார்க்க அனுமதி கேட்டான். ஒரு கடை இணங்கியது. இரண்டு கடைகள் மறுத்தன. மறுத்ததற்காக அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் இணங்கிய கடைக்கு அது நன்மையாக முடிந்தது.

கம்பனி மாறுவதிலே விலைச்சீட்டில் வராத செலவுகள் இருக்கின்றன. பன்னிரண்டு ஆண்டுகளாக அவன் வாகனத்தின் ஒவ்வொரு ஒலியையும் அறிந்திருந்த கராஜ்காரர் ஒருவர் இருந்தார்; மற்றக் கம்பனியின் டீசல் வேலையை அவர் பொறுப்பேற்பதில்லை. மேலதிகமாக வாங்கி வைத்திருந்த எண்ணெய் வடிகட்டிகள் பயனற்றுப்போயின. ஐந்தாம் சில்லுத் தட்டின் கால்கள் புதிய பெட்டியின் துளைகளுக்குப் பொருந்தவில்லை. இடையிலே பூட்டும் ஒரு சட்டத்தை வாங்கவேண்டியதாயிற்று. பெட்டியின் தளம் பழையதைவிட உயரமாக இருந்ததனால் வீட்டின் மூக்கு நிமிர்ந்து நின்றது. அப்படி நிமிர்ந்தால் பாரம் பின் அச்சிலே சாய்ந்துவிடும் என்று அடுத்த வீட்டுக்காரர் சொல்லி, வீட்டின் கொளுக்கியை இரண்டு துளை உயர்த்திப் பூட்டுவித்தார். வீட்டினுடைய மின்சாரப் பிறேக் எவ்வளவு பலமாகப் பிடிக்கவேண்டும் என்பதைச் சாரதியின் அருகிலுள்ள ஒரு விசையாலே அமைக்கவேண்டும். அதைப் புதிதாகப் பழகுவதற்காக, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் வெறிச்சோடிய தரிப்பிடமொன்றிலே போவதும் நிற்பதுமாக இருந்தோம். கம்பனி மாறினாலும் மாறாதது புகையைச் சுத்திகரிக்க ஊற்றும் யூரியாக் கரைசல் ஒன்றே. அது எல்லோருக்கும் பொது.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் மாறினான் என்று கேட்பீர்கள். பழைய கம்பனியின் ஒரு தொன் வாகனமும் கணக்குக்குப் பொருந்தியதே. இறக்கத்திலே தன் வீட்டைக் கொளுவி ஓட்டிப் பார்த்தது அந்த ஒன்றைத்தான், கையிலே உணர்ந்ததை நம்பினேன் என்பதே அவன் சொன்ன காரணம். அவன் தங்கை கணவன், பழைய கம்பனியின் தொப்பியை அணிந்துகொண்டு வந்து, ஒரு மாலைப் பொழுது முழுவதும் அவனைக் கேலி செய்தான். அடுத்த வீட்டுக்காரரோ, தன் கம்பனியை அவன் தேர்ந்தெடுக்கவில்லை என்பதிலே சிறிது மனத்தாங்கலோடு, வாகனத்தைச் சுற்றி இரண்டு முறை நடந்து, சீட்டிலிருந்த எண்ணைத் தானே வாசித்துப் பார்த்துவிட்டு, "சரி" என்று மட்டும் சொன்னார்.

வாங்கியவுடனே முழுப் பாரத்தோடும் லொறிகள் நிறுக்கும் மேடைக்குக் கொண்டுபோய் நிறுத்தோம். முன் அச்சு, பின் அச்சு, வீட்டின் அச்சுகள் என்று தனித்தனியே எண்கள் வந்தன. எல்லாம் எல்லைக்குள் இருந்தன. அந்தச் சீட்டை மருமகன் சட்டைப் பையிலே வைத்துக்கொண்டான். அரிசி மூட்டை இம்முறையும் ஏற்றப்பட்டிருந்தது.

நான் நாடு திரும்புவதற்கு முந்திய வாரம் அதே மலைக்கு மறுபடி போனோம். சுரங்கத்தைத் தாண்டியதும் அவன் வேகத்தைக் குறைத்துக் கீழ்க் கியருக்கு மாற்றி, புகைப் பிறேக்கின் விசையை அழுத்தினான். இயந்திரத்திலிருந்து தாழ்ந்த உறுமல் ஒன்று எழுந்தது. சரளை மேட்டைக் கடந்தபோது பேத்தி நித்திரையாக இருந்தாள். அடிவாரத்திலே, முன்பு நிறுத்திய அதே இடத்திலே நிறுத்தினோம். நான் இறங்கிப் போய் முன் சில்லின் அருகிலே புறங்கையைப் பிடித்துப் பார்த்தேன். தேநீர்க் குவளையின் சூடுதான் இருந்தது.